கிழமைக் கடனை ஆராய வெளிநாட்டு அறக்கட்டளைப் பணம் கேட்கலாமா?

கேட்டவர் பேராதனையில் சமூகவியலில் எம்.பில். செய்யும் ஒரு தங்கச்சி, ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத்துப் பெண்கள் நுண்கடன் கம்பனிகளிடம் எடுத்து வாரத் தவணையில் கட்டும் கிழமைக் கடன்தான் அவருடைய ஆய்வு. கம்பஸ் தரும் காசு பஸ்ஸுக்கே பத்தாது என்கிறார். வெளிநாட்டுத் தனியார் அறக்கட்டளைகளிடம் கேட்கலாமா, கேட்டால் தருவார்களா, தந்தால் கையைக் கட்டிப் போடுவார்களா என்பது கேள்வி. கூடவே அம்மாவின் பயமும் ஒன்று: 'வெளிநாட்டுக் காசு வாங்கினால் பின்னாலேயே சிஐடி வரும்.'

கேட்கலாம், தாராளமாகக் கேட்கலாம். ஆனால் நம் மலையகத்தில் 'வெளிநாட்டு நிதி' என்றதும் மனதில் வருவது அரச சார்பற்ற நிறுவனங்களின் திட்டங்கள்தான். மலசலகூடம், பிள்ளை மடுவத்துக்கு (குழந்தைகள் காப்பகம்) பெயின்ட், தலைமைத்துவப் பயிற்சி, பின்னால் ஒரு பெனர், மத்தியானம் சோற்றுப் பார்சல், போகும்போது வரவு ஏட்டில் ஒரு கையெழுத்து. அந்தப் பணத்தைத் தருகிறவர் எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று கேட்பார். ஆய்வுக்குப் பணம் தரும் அறக்கட்டளை கேட்பது வேறு: இதுவரை யாருக்கும் சரியாகத் தெரியாத எதை நீங்கள் கண்டு சொல்லப் போகிறீர்கள்? முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவது கேள்விக்கு எழுதி அனுப்பித்தான் நம் பக்கத்துப் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் பல அடிபட்டுப் போகின்றன.

நான் வாசித்துத் திருத்திக் கொடுத்த முன்மொழிவுகளில் பெரும்பாலானவை நம் ஆட்கள் இங்கே வந்ததாகச் சொல்லும் 1823இல் தொடங்கும். கோப்பி, தேயிலை, 1948 பிரஜாவுரிமைச் சட்டம், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், லயக் காம்பிரா (தோட்டத்து வரிசை வீட்டு அறை), பத்தாத சம்பளம் என்று மூன்று பக்கம் ஓடி, நாலாம் பக்கத்தில்தான் ஆய்வு தலைகாட்டும். அதில் ஒரு வரியும் பொய்யில்லை. ஆனால் எங்கோ உட்கார்ந்து கட்டுக்கட்டாக விண்ணப்பம் வாசிக்கும் மதிப்பீட்டாளர், பாவம்தான் என்று ஒத்துக்கொண்டு அடுத்ததை எடுத்துவிடுவார். நீங்கள் சொன்ன துயரத்தில் அவருக்குச் சந்தேகம் ஏதுமில்லை. இந்த ஆய்வு முடியும்போது தனக்குப் புதிதாக என்ன தெரிந்திருக்கும் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

உங்கள் தலைப்பில் அப்படி ஒரு கேள்வி உள்ளேயே கிடக்கிறது. லயத்தில் கடன் எடுத்த ஒரு அக்காவின் பழைய பிஸ்கட் டின்னைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். ரப்பர் பேண்ட் போட்ட தவணை அட்டைகள், ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு நிறம். அடகுக் கடைத் துண்டு. சீட்டுக் கணக்கு எழுதிய பிள்ளையின் பழைய கொப்பி. கடன்களுக்கு அவர் வைத்திருக்கும் பெயரே கிழமையின் பெயர்தான்: திங்கட்கிழமை லோன், புதன்கிழமை லோன். சம்பளம் வருவதோ மாதத்துக்கு ஒரு தரம். அப்படியானால் கிழமைக்குக் கிழமை கட்டும் காசு எங்கிருந்து வருகிறது? ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கையோடு கிடைக்கும் கைக்காசிலிருந்தா, கொழும்பில் கடையில் நிற்கும் மகனிடமிருந்தா, இன்னொரு லோனிலிருந்தா?

அப்புறம் அந்தக் குழுப் பிணை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். அந்த மற்றவர்கள் யார்? பக்கத்துக் காம்பிராக்காரி, ஒரே மலையில் கொழுந்தெடுப்பவள், சம்பந்தி வீட்டுக்காரி. லயத்துக்கு உறுதிப் பத்திரம் இல்லை, அடமானம் வைக்க நிலம் இல்லை, ஆகவே லோன் கம்பனி உறவையே அடமானமாக எடுத்துக்கொள்கிறது. அதே பெண்கள் தங்களுக்குள் சீட்டுப் பிடிக்கும்போது, ஒருத்திக்கு முடியாவிட்டால் முறையை மாற்றிக் கொடுத்துச் சமாளிக்கிறார்கள். லோன்காரர் வரும் நாளில் அவளையே வாசலில் நிறுத்தி நெருக்குகிறார்கள். ஒரே ஆட்கள், ஒரே வாசல், இரண்டு விதமான கண்டிப்பு. ஏன் என்று கேளுங்கள், அதுதான் ஆய்வுக் கேள்வி. வங்காளதேசத்திலும் தமிழ்நாட்டிலும் நுண்கடனை ஆராய்ந்தவர்களோடு அந்த இடத்தில் நீங்கள் வாதாடலாம். குழுவில் உள்ள எல்லாருக்கும் ஒரே முதலாளி, ஒரே சம்பள நாள், ஒரே லயத்துச் சுவர் என்ற நிலையில் 'கூட்டுப் பொறுப்பு' எப்படி உருமாறுகிறது என்பதை நீங்கள்தான் காட்டப் போகிறீர்கள். 1823ஐ ஒரு பந்திக்குள் முடியுங்கள்.

சரி, யாரிடம் கேட்பது? உங்கள் மாதிரி ஆய்வுக்கு நான் முதலில் சொல்வது நியூயோர்க்கிலுள்ள வென்னர்-கிரென் அறக்கட்டளை. 1941இல் சுவீடன் நாட்டுத் தொழிலதிபர் அக்செல் வென்னர்-கிரெனின் பணத்தில் 'வைக்கிங் நிதியம்' என்ற பெயரில் தொடங்கியது. மானிடவியலுக்கு மட்டுமே தருகிறது. கலாநிதிப் பட்டக் களஆய்வுக்கு 25,000 டொலர் வரை கிடைக்கும். டொலருக்கு 300 ரூபாய் என்று போட்டாலே 75 இலட்சம். எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை, எந்த நாட்டுப் பல்கலைக்கழகம் என்றும் பார்ப்பதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை, மே 1, நவம்பர் 1 என்று முடிவுத் திகதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் சமூகவியல் துறையில் இருப்பது பெரிய தடையில்லை. கேள்வி மானிடவியலுக்கு எதையாவது சேர்க்கிறதா என்பதே அவர்களுக்கு முக்கியம். தடை வேறு இடத்தில் இருக்கிறது: அந்தப் பணம் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்தவர்களுக்கு. எம்.பில். பதிவோடு கேட்க முடியாது. ஆகவே பதிவை பிஎச்.டி.க்கு உயர்த்தும் வேலையை முதலில் பார்க்க வேண்டும்.

குகன்ஹைம் என்ற பெயரில் இரண்டு இருக்கின்றன, குழம்பாதீர்கள். ஜோன் சைமன் குகன்ஹைம் என்பது வட அமெரிக்கப் பக்கத்தில் ஏற்கெனவே பெயரெடுத்தவர்களுக்கு. ஹரி பிராங்க் குகன்ஹைம் அறக்கட்டளை வன்முறை பற்றிய ஆய்வுகளுக்கு மட்டும் தருவது. களஆய்வு முடிந்து ஆய்வேடு எழுதும் கடைசி வருடத்தில் இருப்பவர்கள் எந்த நாட்டிலிருந்தும் அதற்கு விண்ணப்பிக்கலாம். இதைச் சொன்னதும் 'அப்படியானால் என் தலைப்பில் குடும்ப வன்முறையையும் சேர்த்துவிடலாமே' என்று தோன்றும். சேர்க்காதீர்கள். களத்தில் அது தானாக வந்தால் எழுதுங்கள். பணத்துக்காகச் சேர்த்தால், போகிற ஒவ்வொரு காம்பிராவிலும் அதையே தோண்ட வேண்டி வரும். அந்தப் பெண்கள் இரண்டாவது முறை கதவைத் திறக்க மாட்டார்கள்.

கல்வி பற்றிய ஆய்வென்றால் சிக்காகோவிலுள்ள ஸ்பென்சர் அறக்கட்டளை இருக்கிறது. சிறிய ஆய்வுகளுக்கு 50,000 டொலர் வரை தருவார்கள், ஆனால் அது கலாநிதிப் பட்டம் முடித்தவர்களுக்கும் அதற்கு ஈடான அனுபவம் உள்ளவர்களுக்கும், அதுவும் ஒரு நிறுவனத்தினூடாக. தோட்டப் பாடசாலை பற்றி ஆய்வு செய்யும் விரிவுரையாளர்கள் கவனிக்கலாம். 1907இல் தொடங்கிய ரசல் சேஜ் அறக்கட்டளை சமூக விஞ்ஞானத்துக்குப் பெயர்போனது, ஆனால் அமெரிக்கச் சமூகத்தைப் பற்றிய ஆய்வுக்குத்தான் தரும். நமக்கில்லை. பிரித்தானியாவின் லெவர்ஹூம் அறக்கட்டளையும் அந்த நாட்டு நிறுவனங்கள் வழியாகத்தான் தருகிறது. இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சவர்க்காரம் விற்ற லெவர் பிரபுவின் உயிலிலிருந்து 1925இல் பிறந்தது அது. அதன் சொத்தில் ஒரு பெரும்பங்கு யுனிலீவர் பங்குகளில் இருக்கிறது. அந்த யுனிலீவர் 2022இல் தேயிலைத் தொழிலை விற்கும்வரை பல பத்தாண்டுகள் லிப்டன் தேயிலையை வைத்திருந்தது. அப்புத்தளை தம்பேதன்னையை விலைக்கு வாங்கி நம் தேயிலையில் பெயர் எடுத்த அதே லிப்டன். தேயிலைக் காசு பல கை மாறி அங்கே சமூக விஞ்ஞான ஆய்வாகிறது, தேயிலை மலையில் பிறந்த பிள்ளை இங்கிருந்து நேரே கேட்க முடியாது.

போர்ட் அறக்கட்டளை உங்களைப் போன்ற தனி மாணவருக்கான இடமில்லை, அது நிறுவனங்களைக் கட்டியெழுப்பத் தருவது. நீலன் திருச்செல்வம் 1982இல் தொடங்கிய இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையத்துக்கு அதன் ஆதரவு இருந்தது. அந்த நிலையத்துக்குக் கண்டியிலும் ஓர் அலுவலகம் இருந்தது. இப்படியான நிறுவனங்களில் ஆய்வு உதவியாளராகச் சேர்வதும் அறக்கட்டளைப் பணத்தை எட்டும் ஒரு வழிதான், கேள்வி உங்களுடையதாக இராது என்பதைத் தவிர. உள்ளூரில் தேசிய விஞ்ஞான மன்றமும், மனிதப் பண்பியல், சமூக விஞ்ஞானத் துறைகளில் விரிவுரையாளர்களின் உயர்பட்டப் படிப்புக்கு உதவும் என்சிஏஎஸ் நிலையமும் உண்டு. இரண்டும் அரசாங்கத்துடையவை. தோட்டக் கம்பனியின் சமூகநலப் பணம் கிடைக்கும்போல் இருந்தால் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். துரை (தோட்ட மேலாளர்) தந்த காசில் வந்தவள் என்று ஒருமுறை பெயர் விழுந்தால் எந்தக் காம்பிராவிலும் உண்மை பேச மாட்டார்கள்.

கையைக் கட்டிப் போடுவார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். முதலில் அவர்கள் ஏன் தருகிறார்கள்? அமெரிக்கச் சட்டப்படி தனியார் அறக்கட்டளைக்கு வரிச் சலுகை உண்டு, பதிலுக்கு ஒவ்வொரு ஆண்டும் சொத்தில் சுமார் 5 வீதத்தைச் செலவழித்தாக வேண்டும். தருமம் ஒரு பாதி, கணக்கு ஒரு பாதி. ஆனால் எதற்குத் தருவது என்பதை அறங்காவலர்கள்தான் தீர்மானிக்கிறார்கள், அங்கேதான் கட்டு இருக்கிறது. 1922இல் பியர்ட்ஸ்லி ரம்ல் என்ற இளைஞர் ரொக்பெல்லர் குடும்பத்தின் ஒரு நிதியத்துக்குப் பொறுப்பாக வந்து, பணத்தைச் சமூக விஞ்ஞானத்தின் பக்கம் திருப்பிவிட்டார். இலண்டன் பொருளியல் கல்லூரியும் சிக்காகோ பல்கலைக்கழகமும் அதில்தான் தழைத்தன. இன்று நாம் படிக்கும் களஆய்வு முறையில் பெரும்பங்கு அந்தப் பணத்தில் வளர்ந்தது. 1950களில் போர்ட் அறக்கட்டளை 'நடத்தை விஞ்ஞானம்' என்று ஒரு துறைக்கே பெயரும் பணமும் கொடுத்து நிலைநிறுத்தியது. உங்கள் ஆய்வின் முடிவை மாற்றச் சொல்லி யாரும் கடிதம் போடப் போவதில்லை. எந்தக் கேள்விக்குக் காசு, எதற்கு இல்லை என்பது நீங்கள் வருவதற்கு முன்பே தீர்மானமாகியிருக்கும், அவ்வளவுதான்.

அது எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த மோசமான உதாரணம் தென்னாபிரிக்கா. அமெரிக்காவின் கார்னகி அறக்கட்டளைப் பணத்தில் அங்கே 'ஏழை வெள்ளையர்' பற்றி ஆராய்ந்து 1932இல் ஐந்து தொகுதி அறிக்கை வெளியிட்டார்கள். உழைப்பும் அக்கறையும் உள்ள ஆய்வுதான். ஆனால் அவர்களைவிட ஏழைகளான கறுப்பின மக்கள் கேள்விக்குள் வரவேயில்லை. வெள்ளையரைத் தூக்கிவிடுவதற்கான யோசனைகள், பின்னால் வந்த நிறவெறி ஆட்சிக்குத் தோதாக அமைந்தன. ஐம்பது வருடம் கழித்து, 1980களில், அதே கார்னகி இரண்டாவது விசாரணைக்குப் பணம் கொடுத்து விடுபட்டவர்களின் வறுமையையும் பார்க்க வைத்தது. இதை நம் பக்கம் வைத்துப் பாருங்கள். தோட்டத்தில் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) பெயருள்ள பெண்களின் கடனை மட்டும் ஆராய்ந்தால், தோட்டத்தில் குடியிருந்துகொண்டு வெளியே கைக்காசுக்கு மட்டும் போகும் பெண்கள் விடுபட்டுப் போவார்கள். அவர்களிடம்தான் சிக்கலான கடன் இருக்கலாம்.

மலையகத்துக்கு அறக்கட்டளைப் பணம் வந்த கதையும் பழையது. ரொக்பெல்லர் அறக்கட்டளையின் சுகாதாரப் பிரிவு 1916இல் மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. தொழிலாளருக்கு மருந்து கொடுப்பது துரைமாருக்குப் பிடித்திருந்தது, ஆட்கள் நன்றாக வேலை செய்வார்களே. மலசலகூடம் கட்டுவதென்றால் செலவு, அங்கே இழுத்தடித்தார்கள். மருந்து குடித்தவர் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் புழு திரும்ப வரத்தானே செய்யும்? காசு கொடுப்பவரும் இடத்துக்குச் சொந்தக்காரரும் ஒத்துக்கொண்ட இடம்வரைதான் வேலை நடந்தது.

இனி அம்மாவின் பயம். அது ஆதாரமில்லாத பயம் என்று சொல்லமாட்டேன். 1954இல் இங்கே வேலை தொடங்கிய ஆசியா அறக்கட்டளைக்கு சிஐஏ இரகசியமாகப் பணம் கொடுத்து வந்தது 1967இல் அம்பலமானது. ஆகவே பணத்தின் மூலத்தைக் கேட்பதில் தப்பில்லை, நீங்களும் கேளுங்கள். ஒழுங்கான அறக்கட்டளை தன் வருடாந்தக் கணக்கைப் பகிரங்கமாக வைத்திருக்கும். இங்கே 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டமும் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகமும் சங்கங்களையும் நிறுவனங்களையும் பற்றியவை. பதிவுபெற்ற மாணவி பல்கலைக்கழகக் கணக்கினூடாகப் பெறும் ஆய்வு நிதி வேறு சங்கதி. பணம் அந்த வழியில் வரட்டும். அறக்கட்டளைக்கும் அதுதான் வசதி. 1969இல் வந்த அமெரிக்க வரிச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, தனி ஆளுக்குக் கொடுப்பதென்றால் தெரிவு முறைக்கே முன் அனுமதி வாங்க வேண்டும், வெளிநாட்டுச் சங்கத்துக்குக் கொடுத்தால் சதம் சதமாகக் கண்காணிக்க வேண்டும். அரச பல்கலைக்கழகம் என்றால் அந்தத் தொல்லை குறைவு. விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்பே நிதியாளர் அலுவலகத்தில் போய்ப் பேசுங்கள். நிர்வாகச் செலவென்று ஒரு பங்கு வெட்டுவார்களா என்று கேளுங்கள். வென்னர்-கிரென் அந்தப் பங்கைத் தருவதில்லை, ஸ்பென்சரின் சிறிய நிதியும் அப்படித்தான். வெட்டமாட்டோம் என்ற கடிதம் முதலிலேயே கையில் இருக்க வேண்டும்.

பட்ஜெட்டில் நம் பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள். குறைத்துப் போட்டால் இரக்கப்பட்டுத் தருவார்கள் என்று நினைப்பு. மதிப்பீட்டாளரோ குறைந்த பட்ஜெட்டைப் பார்த்து, இவருக்குக் களம் தெரியாது என்று முடிவெடுப்பார். மழை நாளில் மேல் டிவிஷனுக்குப் போகும் திரீவீல் வாடகை, ஒலிப்பதிவை எழுத்தாக்கும் கூலி, சிங்களத்திலுள்ள பொலிஸ், மத்தியஸ்த சபைக் கடிதங்களை வாசித்துக் கொடுக்க ஒருவர், உதவியாளரின் சம்பளம் எல்லாவற்றையும் போடுங்கள். ஒலிப்பதிவை எழுதும் வேலைக்குத் தோட்டத்துப் பேச்சு காதில் விழுந்து வளர்ந்த பிள்ளை வேண்டும், வெளியே கொடுத்தால் 'அரைப்பேர்' (அரைநாள் சம்பளம்) என்பதை வேறெதுவோ என்று எழுதி வைப்பார்கள். கணக்கை டொலரில் போட்டு, ரூபாய்ப் பெறுமதி மாறினால் என்ன செய்வீர்கள் என்றும் ஒரு வரி எழுதுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்ச் சொச்சம், மே மாதத்தில் 360 வரை. டொலர் கையில் வைத்திருந்தவர் தப்பினார், முழுவதையும் முன்கூட்டியே ரூபாயாக்கியவர் பெற்றோல் வரிசையில் நின்றார்.

கடைசியாக, விண்ணப்பத்தில் நன்னெறி என்ற பகுதி. பெரும்பாலோர் 'எழுத்துமூலச் சம்மதம் பெறப்படும்' என்று ஒரு வரியோடு விட்டுவிடுகிறார்கள். நம் ஆட்களிடம் கடதாசியை நீட்டிக் கையெழுத்துக் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். பிரஜாவுரிமை விண்ணப்பம், சங்கச் சந்தா, கடன் பத்திரம் என்று கையெழுத்து வைத்தபின் கையை விட்டுப் போனவை அவர்களுக்கு நிறைய. அதுவும் கடனைப் பற்றிய ஆய்வில் கடன்காரர் போலவே படிவத்தை நீட்டுவது நல்லதில்லை. வாய்மொழிச் சம்மதத்தைப் பதிவு செய்வேன், காரணம் இது என்று எழுதுங்கள். ஒழுக்கநெறிக் குழுக்கள் இதை ஏற்றுக்கொள்வதுண்டு, உங்களுக்குக் களம் தெரியும் என்பதற்கும் அது அத்தாட்சி. பேட்டிக்கு வேலை நேரத்தில் போகாதீர்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான் விழும், அந்த நஷ்டம் அந்த அக்காவுடையது. பின்னேரம் போனாலும் தண்ணீர், சமையல், பிள்ளைகளின் பாடம் எல்லாம் இருக்கும், பேச்சு இடையிடையேதான் நடக்கும். துரையிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தால் வாங்குங்கள். ஆனால் யார் யாரோடு பேசினீர்கள் என்ற பட்டியல் அலுவலகத்துக்குப் போகக் கூடாது என்பதையும் முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள்.

முதல் தடவை கிடைக்காமல் போகலாம், பெரும்பாலும் போகும். மதிப்பீட்டாளர் குறிப்பு ஏதும் வந்தால் மேற்பார்வையாளரோடு இருந்து வரி வரியாகப் பார்த்து, அடுத்த சுற்றுக்குத் திருத்தி அனுப்புங்கள். இப்போதைக்குச் செய்ய வேண்டியது பதிவை உயர்த்தும் கடிதம். நவம்பர் 1ஐக் குறி வைக்கிறீர்கள் என்றால் அதை இந்த மாதமே துறைத் தலைவரிடம் கொடுங்கள். பீடச் சபை, உயர்பட்டக் குழு, மூதவை என்று அது ஏறி இறங்கவே மாதக்கணக்கில் ஆகும்.